சாமியாரும் இல்லை, சதிகாரரும் இல்லை... ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபரின் கதை!

முட்டாள்தனம் பற்றிய அந்த அனிமேஷன் வீடியோ உங்க கண்ணிலும் பட்டிருக்கலாம். கெட்டவனைவிட முட்டாள்தான் ஆபத்தானவன், முட்டாள்தனம்ங்கிறது மூளைக் குறைபாடு இல்லை, அதிகாரத்துக்கும் கூட்டத்துக்கும் தன்னை ஒப்புக்கொடுத்துட்ட மனுஷனுக்கு வர்ற குறைபாடுன்னு அது போகும். நடுவுல ஒரு ஜெர்மன் பெயர் வரும்: டீட்ரிஷ் போன்ஹோஃபர். பார்த்ததும் நமக்குப் பிடிக்காத யாரோ ஒருத்தர் ஞாபகம் வருவார். வாட்ஸ்அப் குரூப்ல தட்டிவிட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

அந்தக் கட்டுரை எப்போ எழுதப்பட்டது தெரியுமா? 1942-ம் வருஷக் கடைசியில். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பத்து வருஷம் ஆகப்போற நேரம். எழுதியவர் ஒரு சர்ச் போதகர். யாருக்காக எழுதினார்னா, ஹிட்லரை வீழ்த்தும் ரகசிய முயற்சியில் கூட இருந்த சில நண்பர்களுக்காக. எழுதிய சில மாதங்களில் கைதானார். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு தூக்கில் போடப்பட்டார். வயசு 39.

போரே கூடாதுன்னு பிரசங்கம் பண்ணிய ஒரு மனுஷன், ஒரு நாட்டின் தலைவரைக் கொல்லத் திட்டம் போட்டவங்களோட எப்படிச் சேர்ந்தார்? இந்த ஒரு கேள்விக்குள்ளேயே கடவுள், தத்துவம், அரசியல் மூணும் இருக்கு. வாங்க, ஆரம்பத்துல இருந்து பார்ப்போம்.

டாக்டர் வீட்டுப் பையன்

போன்ஹோஃபர் பிறந்தது 1906 பிப்ரவரி 4-ம் தேதி, பிரெஸ்லாவ் நகரத்தில். இன்னைக்கு அது போலந்தில் இருக்கும் வ்ராட்ஸ்லாவ். வீட்டில் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். இவரும் சபீனாவும் இரட்டையர்கள். அப்பா கார்ல் போன்ஹோஃபர், பெயர்பெற்ற மனநல மருத்துவர். 1912-ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபோனது.

அது படிப்பாளிகள் வீடு. ஒரு அண்ணன் விஞ்ஞானி, இன்னொரு அண்ணன் வக்கீல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போற வழக்கமெல்லாம் அந்த வீட்டில் இல்லை. முதல் உலகப் போரில் 1918-ல் அண்ணன் வால்டர் இறந்துபோனார். அம்மா அதிலிருந்து மீண்டு வரவே ரொம்ப காலம் ஆனது. வால்டரின் பைபிளைத்தான் பிறகு அம்மா டீட்ரிஷ் கையில் கொடுத்தார். கடைசி வரைக்கும் அவர் வெச்சிருந்த பைபிள் அது.

டீன் ஏஜ் தொடங்கினதுமே இறையியல் படிக்கப் போறேன்னு வீட்டில் சொல்லிட்டார். அண்ணன்கள் கிண்டல் பண்ணினாங்க. சர்ச் ஒரு செத்துப்போன அமைப்பு, அங்கே போய் என்ன பண்ணப்போறேன்னு கேட்டாங்க. அப்படின்னா நான் அதைச் சீர்திருத்துறேன்னு பதில் வந்தது.

21 வயசில் டாக்டர் பட்டம். 24 வயசில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்கான தகுதி ஆய்வு. 'செயலும் இருப்பும்' என்ற அந்த ஆய்வில் அவர் மல்லுக்கட்டியது கான்ட், ஹைடெக்கர் மாதிரியான தத்துவவாதிகளோடு. கேள்வி இதுதான்: மனுஷனுடைய அறிவு தனக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. எல்லாத்தையும் தன் மூளைக்குள்ள ஒரு கருத்தா மாத்திடுது. அப்போ தனக்கு வெளியே நிக்கிற இன்னொருத்தரை, கடவுளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ, அது எப்படி உண்மையிலேயே சந்திக்கும்? புத்தகத்தில் கேட்ட இந்தக் கேள்விக்கு வாழ்க்கையில் பதில் தேட வேண்டிவரும்னு அப்போ அவருக்குத் தெரியாது.

ஹார்லெம் சொல்லிக்கொடுத்த பாடம்

1930-ல் நியூயார்க்கில் இருக்கும் யூனியன் இறையியல் கல்லூரிக்கு ஒரு வருஷப் படிப்புக்குப் போனார். அங்கே நடத்தப்பட்ட இறையியல் அவருக்குப் பெருசா பிடிக்கவில்லை. மேலோட்டமா இருக்குன்னு நினைச்சார். ஆனா, கறுப்பின நண்பர் ஒருவர் மூலமா ஹார்லெமில் இருந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போனார். அது அவரைப் புரட்டிப்போட்டது.

அங்கே வந்தவங்க நிறவெறியைத் தினம் தினம் அனுபவிச்சவங்க. அவங்களுக்கு இயேசு ஒரு கோட்பாடு இல்லை. கூட நின்னு அடிவாங்கும் ஒருத்தர். போன்ஹோஃபர் அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். கறுப்பின மக்களின் பக்திப் பாடல் இசைத்தட்டுகளை வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அதே வருஷம் ழான் லசேர் என்ற பிரெஞ்சு நண்பர், இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அப்படியே எடுத்துக்கணும், எதிரியை நேசின்னா நேசிக்கணும்தான்னு வாதாடினார். முதல் உலகப் போரில் பிரான்ஸ்காரங்களும் ஜெர்மன்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிட்டவங்க. அந்த ரெண்டு நாட்டுப் பிள்ளைகளும் இப்படி உட்கார்ந்து பேசியதில்தான் போன்ஹோஃபரின் போர் எதிர்ப்பு முளைச்சது.

1933: சர்ச்சுக்குள் வந்த ஸ்வஸ்திகா

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமரானார். ரெண்டே நாளில் போன்ஹோஃபர் பெர்லின் வானொலியில் பேசினார். மக்கள் ஒரு தலைவனைச் சாமி ஆக்கிக் கும்பிட ஆரம்பிச்சா, அவனும் அதுக்கு இடம் கொடுத்தா, அவன் வழிநடத்துறவன் இல்லை, வழிகெடுக்கிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். பேச்சு முடியும் முன்னே ஒலிபரப்பு நின்னுபோச்சு.

இங்கே ஒண்ணு கவனிங்க. அன்னைக்கு ஜெர்மனியில் படிச்சவங்க எல்லாரும் ஹிட்லரை எதிர்த்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. போன்ஹோஃபர் தன் ஆய்வில் விவாதித்த அதே ஹைடெக்கர், 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். சட்ட மேதை கார்ல் ஷ்மிட்டும் அதே மாதம் சேர்ந்தார். இமானுவேல் ஹிர்ஷ் மாதிரியான பெரிய இறையியல் பேராசிரியர்கள் ஹிட்லரின் வருகையைக் கடவுள் தந்த தருணமாகப் பார்த்தாங்க.

இது எப்படி முடிஞ்சது? காரணம் பழசு. ஆன்மாவைச் சர்ச் பார்த்துக்கும், நாட்டை அரசு பார்த்துக்கும், ரெண்டு ராஜ்ஜியத்தையும் கடவுள்தான் வெவ்வேறு வழியில் ஆள்றார்னு 16-ம் நூற்றாண்டிலேயே லூதர் சொல்லியிருந்தார். அரசுக்குக் கட்டுப்படணும்னு சொல்லும் பைபிள் பகுதியும் இருந்தது. பிற்காலத்தில் இதை வளைச்சு, அரசு என்ன செஞ்சாலும் சர்ச் வாய் திறக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. இனமும் தேசமும் கடவுள் படைச்ச ஒழுங்குன்னு இன்னொரு கோட்பாடும் சேர்ந்தது. 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற நாஜி ஆதரவுக் குழு 1933 ஜூலையில் சர்ச் தேர்தலில் பெரிய வெற்றி பெற்றது. யூத வம்சத்தில் பிறந்தவர், ஞானஸ்நானம் வாங்கியிருந்தாலும், போதகராக இருக்கக் கூடாதுன்னு பிரஷ்ய சர்ச் அந்த செப்டம்பரில் முடிவெடுத்தது.

அதுக்கு முன்னாடியே, ஏப்ரலில், போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அரசு அநியாயம் செய்தா சர்ச்சுக்கு மூணு கடமை இருக்குன்னு அதில் வாதம் வெச்சார். ஒண்ணு, நீ செய்றது நியாயமான்னு அரசைப் பார்த்துக் கேட்கணும். ரெண்டாவது, பாதிக்கப்பட்டவங்க கிறிஸ்தவர்களா இல்லையான்னு பார்க்காம உதவணும். மூணாவது, சக்கரத்தில் மாட்டினவங்களுக்குக் கட்டுப் போடுறதோட நிக்காம, அந்தச் சக்கரத்தையே ஓடவிடாமல் தடுக்கணும்.

இந்தக் கட்டுரையும் குறையில்லாதது கிடையாது. யூதர்களைப் பற்றிய பழைய கிறிஸ்தவ முன்முடிவுகள் அதிலும் தெரியுதுன்னு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுறாங்க. அது சரியான விமர்சனம்தான்.

போகாத ஒரு துக்க வீடு

அதே ஏப்ரலில் நடந்த ஒரு விஷயம் அவரைக் கடைசி வரை உறுத்தியிருக்கணும். இரட்டைத் தங்கை சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ், யூத வம்சத்தில் பிறந்த சட்டப் பேராசிரியர். அவருடைய அப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனையை நீங்க நடத்திக்கொடுங்கன்னு மைத்துனரிடம் குடும்பம் கேட்டது. இறந்தவர் ஞானஸ்நானம் வாங்காத யூதர். போன்ஹோஃபர் தன் மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டார். இந்த நேரத்தில் வேண்டாம்னு அவர் சொன்னார். போன்ஹோஃபரும் மறுத்துட்டார்.

சில மாதங்கள் கழிச்சு, லண்டனில் இருந்து தங்கைக்கும் மைத்துனருக்கும் கடிதம் எழுதி மன்னிப்பு கேட்டார். எப்படி அவ்வளவு பயந்தேன்னு தனக்கே புரியலைன்னு ஒப்புக்கொண்டார்.

பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் உதவணும்னு பேனா பிடிச்ச அதே கைதான், சொந்தத் தங்கை வீட்டுத் துக்கத்துக்கு வர மறுத்ததும். ஹீரோக்கள் பிறக்கும்போதே ஹீரோவா பிறக்கிறது இல்லை. கோட்பாடு எழுதுறதுக்கும் ஒரு வாசலில் போய் நிக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அவருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

காந்தி போட்ட பதில்

1933 அக்டோபரில் லண்டனில் இருந்த ஜெர்மன் சபைகளுக்குப் போதகராகப் போனார். அங்கே சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் நெருங்கிய நண்பரானார். ஜெர்மனியில் நாஜி ஆதரவு சர்ச்சை எதிர்த்து 'அறிக்கையிடும் திருச்சபை' உருவானது. சர்ச்சுக்குத் தலைவர் கிறிஸ்து மட்டும்தான், வேற எந்தத் தலைவரும் இல்லைன்னு சொன்ன 1934-ம் ஆண்டு பார்மென் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர் கார்ல் பார்த். ஹிட்லருக்கு நிபந்தனையில்லாத சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து, பின்னாளில் பான் பல்கலைக்கழக வேலையை இழந்தவர்.

இந்தச் சமயத்தில் போன்ஹோஃபருக்கு ஒரு ஆசை. இந்தியாவுக்கு வரணும், காந்தியோடு தங்கணும். ஆயுதம் இல்லாமல் ஒரு அரசை எதிர்ப்பது எப்படின்னு ஐரோப்பிய சர்ச்சுக்குத் தெரியலை, மலைப்பிரசங்கத்தை நடைமுறையில் செஞ்சு காட்டுறவர் கிறிஸ்தவரே இல்லாத காந்திதான்னு அவர் நினைச்சார். காந்திக்கு எழுதினார். 1934 நவம்பர் 1-ம் தேதியிட்டு ஒரு பதில் வந்தது. தாராளமா வாங்க, நான் ஜெயிலுக்கு வெளியே, ஒரே இடத்தில் இருந்தா என்னோடவே தங்கலாம், இல்லைன்னா என் மேற்பார்வையில் நடக்கும் ஆசிரமம் ஒன்றில் தங்கலாம், எளிய சைவச் சாப்பாடு ஒத்துக்கிட்டா செலவு கிடையாது என்ற மாதிரி ஒரு பதில்.

ஆனா, அந்தப் பயணம் நடக்கவே இல்லை. அறிக்கையிடும் திருச்சபையின் இளம் போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டது. 1935-ல் ஊருக்குத் திரும்பி, ஃபிங்கென்வால்டே என்ற இடத்தில் அந்தப் பள்ளியை நடத்தினார். சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து வேலைன்னு கிட்டத்தட்ட ஆசிரமம் மாதிரிதான். 1937-ல் கெஸ்டபோ அதை மூடியது. அதே வருஷம் வந்த அவருடைய 'சீஷத்துவம்' நூல்தான் 'மலிவான கிருபை' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. எதையும் மாத்திக்காம, எதையும் இழக்காம, மன்னிப்பு மட்டும் கிடைச்சா போதும்னு நினைக்கும் பக்தியைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

ஒரு மாசத்துக்குள் திரும்பியவர்

1939 ஜூன். போர் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ராணுவத்துக்குக் கூப்பிட்டா மறுக்கணும், மறுத்தா தண்டனை. அமெரிக்க நண்பர்கள் அவரைக் காப்பாத்த நியூயார்க்கில் வேலை ஏற்பாடு பண்ணினாங்க. போனார். பாதுகாப்பு, சம்பளம், நூலகம் எல்லாம் ரெடி.

அவருக்குத் தூக்கம் வரலை. ஒரு மாசம்கூட ஆகலை, கப்பல் ஏறித் திரும்பிட்டார். இந்தக் கஷ்டகாலத்தை என் மக்களோட சேர்ந்து அனுபவிக்காம, போர் முடிஞ்ச பிறகு நாட்டைத் திரும்பக் கட்டும் வேலையில் பங்கு கேட்க எனக்கு உரிமை இல்லைன்னு பேராசிரியர் ரைன்ஹோல்ட் நீபருக்கு எழுதினார்.

திரும்பியவர் சேர்ந்த இடம்தான் ஆச்சரியம்: ஜெர்மன் ராணுவ உளவுத்துறை! அக்கா கிறிஸ்டீனின் கணவர் ஹான்ஸ் ஃபொன் டோனானி அங்கே இருந்தார். அந்தத் துறையின் தலைவர் அட்மிரல் கனாரிஸ், அதிகாரி ஹான்ஸ் ஓஸ்டர் உள்பட பலர் உள்ளுக்குள் ஹிட்லருக்கு எதிரிகள். வெளியே பார்த்தா போன்ஹோஃபர் நாட்டுக்காக உளவு பார்ப்பவர். உண்மையில் சர்ச் தொடர்புகளைப் பயன்படுத்தி எதிர்ப்பாளர்களின் செய்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர்.

1940-ல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்தப்போ ஒரு ஹோட்டலில் எல்லாரும் எழுந்து கை நீட்டி நாஜி சல்யூட் அடிச்சாங்க. போன்ஹோஃபரும் அடிச்சார்! பக்கத்தில் இருந்த நண்பர் எபர்ஹார்ட் பெட்கே அதிர்ந்துபோனார். கையைத் தூக்கு, இந்த சல்யூட்டுக்காக உயிர்விடத் தேவையில்லை, வேற விஷயத்துக்கு ஆபத்தைச் சந்திக்க வேண்டியிருக்குன்னு அவரிடம் சொல்லியிருக்கார்.

கான்ட் கேட்ட கேள்வி

இப்போ தத்துவத்துக்கு வருவோம். பயந்துடாதீங்க, சிம்பிள்தான். உங்க நண்பரைக் கொல்ல ஒருத்தன் துரத்திக்கிட்டு வர்றான். நண்பர் உங்க வீட்டில்தான் ஒளிஞ்சிருக்கார். உள்ளே இருக்காரான்னு அவன் கேட்கிறான். என்ன சொல்வீங்க?

அப்பகூட பொய் சொல்லக் கூடாதுன்னு வாதிட்டவர் இம்மானுவேல் கான்ட். ஒழுக்க விதின்னா எல்லாருக்கும் எப்பவும் ஒரே விதி என்பது அவர் நிலை. போன்ஹோஃபர், தான் எழுதி முடிக்காத 'அறவியல்' நூலில் இதை எதிர்த்தார். என் கை சுத்தமா இருக்கணும்ங்கிறதுக்காக நண்பனைக் காட்டிக்கொடுத்தா, அது ஒழுக்கம் இல்லை, சுயநலம் என்பது அவர் வாதத்தின் போக்கு.

ஆனா இங்கேதான் அவர் வித்தியாசப்படுறார். நல்ல காரியத்துக்காகச் சொன்னா பொய் நியாயமாயிடும்னு அவர் சொல்லலை. பொய் பொய்தான், கொலை கொலைதான். அடுத்தவருக்காக அந்தக் குற்றத்தை நான் சுமக்கிறேன், தீர்ப்பைக் கடவுள் கையில் விடுறேன் என்பதுதான் அவர் நிலைப்பாடு. ஹிட்லரைக் கொல்றது சரின்னு வேதத்தைக் காட்டி அவர் முத்திரை குத்திக்கொடுக்கவில்லை. அது பாவம், அதைச் செய்யாமல் இருப்பதும் பாவம், நடுவில் நின்னுக்கிட்டு நான் சுத்தம்னு சொல்ல யாருக்கும் வழியில்லைன்னு நினைச்சார். கொள்கைக்காகக் கொலை செய்றவங்களுக்கும் இவருக்கும் உள்ள கோடு இதுதான்.

அவர் கையில் குண்டு இருந்ததில்லை. யூதர்கள் உள்பட 14 பேரை உளவுத்துறை ஆட்கள் என்று சொல்லி சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்த முயற்சிக்கு உதவினார். 1942-ல் ஸ்வீடனில் பேராயர் பெல்லைச் சந்தித்து, எதிர்ப்பாளர்களின் பெயர்களைக் கொடுத்து பிரிட்டன் ஆதரவு கேட்டார். பிரிட்டன் அரசு கண்டுகொள்ளவில்லை.

சிறையில் பிறந்த இறையியல்

1943 ஜனவரியில் மரியா ஃபொன் வேடமையருடன் கல்யாணம் நிச்சயமானது. ஏப்ரல் 5-ம் தேதி கைது. பெர்லின் டெகல் சிறை. அப்போ சதித்திட்டம் வெளியே வரலை. 14 பேர் தப்பிய விவகாரம், ராணுவ சேவையில் விலக்கு வாங்கியதுன்னு விசாரணை போனது.

சிறையில் அனுதாபம் கொண்ட காவலர்கள் மூலமா நண்பர் பெட்கேவுக்கு ரகசியமா கடிதங்கள் போனது. அந்தக் கடிதங்கள்தான் இன்னைக்கு உலகம் முழுக்கப் படிக்கப்படுது. இயற்பியல் புத்தகம் ஒன்றைப் படிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டார். அறிவியலுக்குப் பதில் தெரியாத இடத்தில் எல்லாம் கடவுளை நிரப்பி வெச்சா, அறிவியல் வளர வளர கடவுள் பின்வாங்கிக்கிட்டே போகணுமே? உலகம் வயசுக்கு வந்துடுச்சு, இனி பயத்தையும் பலவீனத்தையும் வெச்சு மனுஷனைச் சர்ச்சுக்கு இழுக்கிறது கௌரவமான வேலை இல்லைன்னு எழுதினார்.

கிறிஸ்தவம் இந்த பூமியை வெறுக்குதுன்னு நீட்ஷே குற்றம் சாட்டியிருந்தார். போன்ஹோஃபர் அதுக்குக் கோபப்படலை. வாழ்க்கையின் ஓரத்தில் இல்லை, நடுவில்தான் கடவுளைத் தேடணும். மதச் சடங்குக்குள் ஒளியாம, இந்த உலகத்தின் வேலை, தோல்வி, குழப்பம் எல்லாத்துக்குள்ளேயும் முழுசா இறங்கி வாழ்ந்தாதான் விசுவாசம் கத்துக்க முடியும்னு நம்பினார். சிலுவையில் தொங்கும் கடவுள் சர்வாதிகாரி மாதிரி ஜெயிக்கிறவர் இல்லை; கூட இருந்து கஷ்டப்படுறவர். அதனால சர்ச்சும் அடுத்தவங்களுக்காக இருந்தாதான் சர்ச். இதில் உலகத்துக்குள் முழுசா இறங்கி வாழ்றதைப் பத்தின வரிகளை அவர் எழுதியது 1944 ஜூலை 21. அதுக்கு முந்தைய நாள்தான் ஹிட்லர் மேல் வெச்ச குண்டு தவறியிருந்தது. தான் பிழைக்க வாய்ப்பு குறைவுன்னு தெரிஞ்ச ஒருத்தர் எழுதியது அது.

கடைசி ஏப்ரல்

அந்த செப்டம்பரில் சதிகாரர்களின் ரகசியக் கோப்புகள் கெஸ்டபோ கையில் சிக்கின. ஒரு காவலர் உதவியோடு தப்பிக்க ஏற்பாடு இருந்தது. ஆனா அண்ணன் கிளாவுஸும் கைதானதும் போன்ஹோஃபர் அதைக் கைவிட்டார். தான் ஓடினா குடும்பம் மாட்டும்னு பயம்.

பிறகு கெஸ்டபோ நிலவறை, புக்கன்வால்ட் முகாம், கடைசியில் ஃப்ளோசன்பூர்க். 1945 ஏப்ரல் 8-ம் தேதி காலையில் சக கைதிகளுக்கு ஆராதனை நடத்தினார். அது முடிஞ்சதும் அழைச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவசர அவசரமா ஒரு எஸ்.எஸ். நீதிமன்றம். வக்கீலும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஏப்ரல் 9-ம் தேதி விடியலில் கனாரிஸ், ஓஸ்டரோடு அவரும் தூக்கிலிடப்பட்டார். ரெண்டே வாரத்தில், ஏப்ரல் 23-ல், அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

அண்ணன் கிளாவுஸ், இரண்டு அக்காக்களின் கணவர்கள் என்று அந்தக் குடும்பத்தில் மொத்தம் நாலு பேர் கொல்லப்பட்டாங்க. பெற்றோருக்கு டீட்ரிஷ் இறந்தது உறுதியா தெரிஞ்சது ஜூலை மாதம், லண்டனில் நடந்த நினைவு ஆராதனையை பி.பி.சி வானொலி ஒலிபரப்பியபோதுதான்.

போருக்குப் பிறகும் சட்டம் அவர் பக்கம் சுலபமா வரலை. 1956-ல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், அவருக்குத் தண்டனை கொடுத்த எஸ்.எஸ். நீதிபதியை விடுவித்தது. அந்தத் தண்டனை செல்லாதுன்னு பெர்லின் நீதிமன்றம் தெளிவா சொன்னது 1996-ல்!

எல்லாரும் இழுக்கும் பெயர்

பெட்கே 1951-ல் சிறைக் கடிதங்களைப் புத்தகமாக்கினார். தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்பாளர்கள் அதைப் படிச்சாங்க. கடவுள் பற்றிய பழைய பிம்பங்களைக் கேள்வி கேட்டவங்களும் படிச்சாங்க. 1998-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மார்ட்டின் லூதர் கிங்கோடு இவருக்கும் சிலை வெச்சாங்க.

இன்னொரு பக்கம், தங்களுக்குப் பிடிக்காத அரசை எல்லாம் ஹிட்லர் ஆட்சின்னு சொல்லி, இவர் பெயரை ஆயுதமா தூக்குறவங்களும் இருக்காங்க. 2024-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் போஸ்டரில் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாங்க. அவர் குடும்ப வாரிசுகளும் ஆய்வாளர்களும் இந்த மாதிரி அரசியல் பயன்பாட்டை வெளிப்படையா எதிர்த்தாங்க.

அதனாலதான் அந்த முட்டாள்தனம் வீடியோவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கட்டுரை முட்டாள்களைத் திட்டுவதோட முடியலை. கடைசியில் அவர் தன்னையும் தன் நண்பர்களையுமே கூண்டில் ஏத்துறார். இத்தனை அநியாயத்தையும் பேசாம பார்த்துக்கிட்டு இருந்தோம், நடிக்கக் கத்துக்கிட்டோம், சந்தேகம் நமக்குப் பழகிடுச்சு, இனி நாம் யாருக்காவது பயன்படுவோமான்னு கேட்கிறார். உயிரைப் பணயம் வெச்ச மனுஷன் தன்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. வீடியோவில் பெரும்பாலும் வராத பகுதியும் அதுதான். முடிஞ்சா அந்தக் கட்டுரையை முழுசா தேடிப் படிங்க. சில பக்கங்கள்தான் இருக்கும்.